தேயாத துப்பாக்கிகள்

காலை ஒன்பது மணிப் பிரேயருக்கு வந்து சேராத பையனை இரவு பத்தரைக்குச் சரியாக ஓர் இடத்தில் நிறுத்துவது லேசான காரியமா? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆசிரியர்கள் எத்தனையோ வருஷமாக முயன்று சலித்த வேலை அது. பப்ஜி என்ற கைபேசி ஆட்டம் அதைச் செய்து காட்டியது. பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் அதே ஆட்டம் இன்றும் செய்துகொண்டிருக்கிறது. பத்தரைக்கு, ஆட்டம் தொடங்குமுன் அணி கூடும் லாபியில் நால்வரும் இருப்பார்கள். ஒருவன் வரத் தாமதமானால் மற்ற மூவரும் காத்திருப்பார்கள், போன் அடிப்பார்கள், திட்டுவார்கள், ஆனால் அவனை விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பாராட்ட வேண்டியதை எல்லாம் இங்கே பாராட்டிவிடுகிறேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

முதல் பாராட்டு அதைச் செய்தவர்களுக்கு. அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன் இதன் கருவைத் தந்தார். ‘பேட்டில் ராயல்’ என்ற ஜப்பானியப் படம் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. 2017இல் கம்ப்யூட்டரில் வந்த ஆட்டத்தை 2018 மார்ச்சில் சீனாவின் டென்சென்ட் கைபேசிக்குள் கொண்டுவந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்க வேண்டும். கிடைத்த ஆயுதத்தைப் பொறுக்கிக்கொண்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் ஒருவரையொருவர் சுட வேண்டும். கடைசியாக எஞ்சும் அணிக்கு வெற்றி. முதல் வரைபடமான எராங்கல் தீவுக்குத் தன் மகளின் பெயரை ஒட்டியே கிரீன் பெயர் வைத்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும் பிணம் குவியும் தீவுக்கு மகள் பெயரை வைக்கும் அளவுக்குத் தன் படைப்பை நேசித்தவர் அவர்.

பிள்ளைகளின் மனதை அறிந்ததில் இவர்களுக்கு இணையில்லை. புதிதாக ஆட வருகிறவன் தோற்று ஓடிவிடக் கூடாது என்று, ஆரம்ப ஆட்டங்களில் எதிரிகளாகப் பெரும்பாலும் கணினியே இயக்கும் ஆட்களை நிறுத்துகிறார்கள். பையன்கள் அவர்களை ‘பாட்’ என்பார்கள். பாட் குறி தவறிச் சுடும்; நாம் சுட்டால் விழும். வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லாத பிள்ளை, வந்த அன்றைக்கே வெற்றிக்கு அடையாளமான ‘சிக்கன் டின்னர்’ வாங்கிவிடுகிறான். இவ்வளவு கனிவாக முதல் பாடம் நடத்திய பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து எங்கள் திருப்பத்தூர் மாவட்டத்தில் இல்லை. அந்தக் கனிவை எதுவரை காட்ட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ரேங்க் ஏற ஏற பாட்கள் குறைந்து உண்மையான எதிரிகள் வருவார்கள். சீசன் முடிந்ததும் ஏறிய ரேங்க் கீழே இறக்கப்படும். திரும்ப ஏறியாக வேண்டும். ஒரு சீசன் உழைப்பு அப்படிக் கரைந்துபோனாலும் பையன் முகம் சுளிக்காமல் மறுபடி தொடங்குகிறான். காலாண்டுத் தேர்வில் தோற்றவனை அரையாண்டுக்கு இப்படி உட்கார வைக்க நம்மால் முடிந்ததுண்டா?

ஸ்குவாடு என்ற நால்வர் அணிக்கு வருகிறேன். இதை மெச்சும்போது என் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. வாணியம்பாடியில் வீட்டில் உருது பேசுகிற பையனும், நாட்றம்பள்ளியில் தமிழ் மட்டும் தெரிந்த பையனும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். நீ எந்தத் தெரு, உன் அப்பா என்ன ஆள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. “நாக் ஆயிட்டேன் மச்சி, வந்து தூக்குடா” என்று ஒருவன் கத்தினால், குண்டு மழைக்குள்ளும் இன்னொருவன் ஓடிப்போய்க் குனிந்து தூக்கிவிடுகிறான். விழுந்தவனைத் தூக்கு என்று நாம் வாயால் சொல்லிக்கொடுத்ததை இந்த ஆட்டம் விரலுக்குப் பழக்கியிருக்கிறது. காதையும் பழக்கியிருக்கிறது. எதிரியின் காலடி எந்தத் திசையிலிருந்து வருகிறது, மாடியிலா கீழேயா என்று ஹெட்போனில் துல்லியமாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பாட்டுக் கூடையோடு வாசற்படி ஏறும் அம்மாவின் காலடி மட்டும் அந்த ஹெட்போனுக்குள் வருவதில்லை. அவ்வளவு சுத்தமாக வெளிச்சத்தத்தை அடைத்திருக்கிறார்கள்.

புவியியல் அறிவையும் சொல்ல வேண்டும். எராங்கல் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். அதிலுள்ள பொச்சின்கி ஊரில் எந்த வீட்டு மாடியில் ஆள் ஒளிந்திருப்பான், பாலத்தை எப்போது கடக்கக் கூடாது, மிலிட்டரி பேஸில் இறங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் நம் பையன்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அவர்கள் உட்கார்ந்து ஆடுகிற ஆம்பூரில் 1749 ஆகஸ்ட் 3 அன்று உண்மையாகவே ஒரு போர் நடந்தது. சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். எதிர்த்து நின்ற ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானைமேல் இருந்தபடியே சுடப்பட்டுச் செத்தார். தென்னிந்தியா யார் கைக்குப் போகும் என்ற நீண்ட சண்டையில் அது ஒரு பெரிய திருப்பம். இல்லாத தீவின் 64 சதுர கிலோமீட்டரை மனதில் பதித்துவிட்டு, இருக்கிற ஊரின் போர்க்களத்தை அப்படியே வெறுமையாக விட்டு வைத்திருக்கிறது இந்த ஆட்டம். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்புகிற ஊர்களும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கிருந்து போனவர்கள் பட்ட குண்டுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையும் மாதக்கணக்கான வலியும் உண்டு. ஆட்டத்தில் ஒரு பேண்டேஜ், ஓர் எனர்ஜி டிரிங்க், சில நொடி, அவ்வளவே. செத்தவனும் அடுத்த நிமிஷம் லாபியில் நின்று கை அசைக்கிறான். போரில் மிஞ்சுகிற துக்கத்தை ஒரு பொட்டுகூட விடாமல் துடைத்துவிட்ட வேலை இது.

போரின் தேய்மானத்தைச் சொன்ன பழைய பாட்டு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. தகடூர் நமக்குப் பக்கத்து ஊர், இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன புலவர் ஔவை, தொண்டைமானின் படைக்கருவிகளைக் கண்டதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு சொல்கிறது. மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலுக்குள் பத்திரமாக இருந்த அந்தக் கருவிகளை அவள் புகழ்ந்தாள். கூடவே தன் அரசனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் சொன்னாள்.

தொண்டைமானின் கொட்டில் இன்று நம் பையன்களின் கைபேசியில் இருக்கிறது. இன்வென்டரியைத் திறந்து பாருங்கள். எம்416 துப்பாக்கிக்குப் பனி உறைந்தது போன்ற ‘கிளேசியர்’ ஸ்கின், அதாவது மேற்பூச்சு. தங்கம் பூசியது, நெருப்பு வழிவது, டிராகன் சுற்றியது என்று இன்னும் எத்தனையோ. எத்தனை ஆயிரம் தோட்டா சுட்டாலும் ஒரு கீறல் விழாது, துரு ஏறாது. ஸ்கின் போட்டதால் குண்டின் வலு ஒரு துளியும் கூடுவதில்லை என்பது பையன்களுக்கும் தெரியும். தெரிந்தே வாங்குகிறார்கள். அதற்கு யூ.சி. என்ற ஆட்டப் பணம் வேண்டும், யூ.சி.க்கு ரூபாய் வேண்டும். பலவற்றைப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். பணத்தைக் கொடுத்துப் பெட்டியைத் திறந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். நினைத்தது வராவிட்டால் இன்னொரு பெட்டி.

அந்த ரூபாய் வருகிற இடத்தையும் பாருங்கள். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற அம்மாவின் மெஷினில் ஊசி மழுங்கி மழுங்கி மாற்றப்படுகிறது. கட்டிங்கில் நிற்கும் அப்பாவின் கத்தி தீட்டித் தீட்டியே இளைத்துப்போகிறது. டேனரியில் ஈரத்தோலைப் புரட்டுகிற சித்தப்பாவின் கையுறை கிழிந்து, உள்ளே விரல்கள் வெளுத்துக் கிடக்கின்றன. பேஸ்டிங்கில் உட்காரும் அக்கா எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் சொல்யூஷன் வாசனை போவதில்லை. இத்தனை தேய்மானமும் மாதக் கடைசியில் சம்பளமாகிறது. அதில் ஒரு பகுதி யூ.சி.யாகி மகனின் துப்பாக்கிமேல் நீலப் பனியாகப் படிந்து மின்னுகிறது. தோல் வேலையின் நாற்றமும் வியர்வையும் ஒரு சொட்டுகூடத் தெரியாத மினுக்கம் அது. இதற்காக அந்த நிறுவனங்களின் கணக்கறிவை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

பிள்ளைகளின் பாதுகாப்பிலும் குறை வைக்கவில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் போனது. சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் தரவுப் பாதுகாப்பும். பிள்ளைகளின் தூக்கம் அந்தக் காரணத்தில் இல்லை. 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் அதைப் பி.ஜி.எம்.ஐ. ஆக்கிக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பி வந்தது. இதற்கிடையே ஐம்பது பேர், பத்து நிமிஷம், விலை குறைந்த போனிலும் ஓடும் என்று ஏழை வீட்டுப் பிள்ளையையும் மறக்காமல் சேர்த்துக்கொண்ட ஃப்ரீ ஃபயருக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் நிற்காமல் ஓடியது. திரும்பி வந்த பி.ஜி.எம்.ஐ.யில் ரத்தம் பச்சையாக வழியலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான், பெரியவர்களுக்கு 6 மணி நேரம். சிறுவன் ஆடப் பெற்றோரின் கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். ஷிஃப்டில் இருக்கிற அம்மா வீட்டில் விட்டுப்போன போனில், அதாவது பையனின் உள்ளங்கையிலேயே, அந்த ஓ.டி.பி. வந்து இறங்குகிறது.

டென்சென்ட் தன் நாட்டுப் பிள்ளைகளிடம் இதைவிடவும் பொறுப்பாக நடந்துகொள்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் இணைய விளையாட்டு ஆடலாம் என்று 2021இல் சீன அரசு கட்டளையிட்டது. நிறுவனங்கள் கீழ்ப்படிந்தன. சிறுவர்களை நேரத்தோடு தூங்க வைக்க இந்தத் தொழிலுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நம் பக்கத்தில் தூங்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் பெங்களூரு. அங்கே நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014லேயே இணையப் பழக்கத்துக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிவிட்டது. விளையாட்டிலிருந்து மீள முடியாத நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நோய்க்குப் பெயரும் எண்ணும் பெற்றுத் தருகிற அளவு ஆழமாக மனிதருக்குள் இறங்கிய விளையாட்டுகள் உலகில் அதிகமில்லை.

எஞ்சியதைப் புகழ்ச்சி இல்லாமல் சொல்கிறேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நிறுத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் விதி 2025இல் வந்தது. அந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. பந்தயம் இல்லை என்பதால் இந்தத் துப்பாக்கி ஆட்டங்களை அந்த விதி தொடவில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இவற்றிலும் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை கதவு அடைக்கப்பட வேண்டும். பெட்டி விற்பனை அவர்களுக்கு முற்றாக நிறுத்தப்பட வேண்டும். சீனாவில் செய்ய முடிந்ததை ஆம்பூரில் செய்ய முடியாது என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகமும் நகராட்சிகளும் பள்ளி மைதானங்களை மாலை ஆறிலிருந்து எட்டரை வரை விளக்குப் போட்டுத் திறந்து வைக்கட்டும். அந்த நான்கு பையன்கள் ஏற்கெனவே ஓர் அணிதான். அவர்களைக் கூட்டும் வேலைகூட நமக்கு இல்லை.