கலப்புத் துப்பாக்கிக்கு யார் பெயர்?

குழல் ஒரு தொழிற்சாலையிலும், போல்ட்டும் ரிசீவரும் இன்னொன்றிலும், தோளில் அணைக்கும் கட்டை உள்ளூர் ஆசாரியிடமும் பிறந்து, பிறகு ஒன்றுகூடிய ரைஃபிளுக்கு யார் பெயரை வைப்பது என்பதில் துப்பாக்கிக்காரர்களிடம் ஒரு மரபு உண்டு: ரிசீவர் யாருடையதோ, அவர் பெயர். தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைப் போல்ட்டோடு சேர்ந்து பூட்டி நிறுத்துவது அதுதான். வரிசை எண்ணும் பெரும்பாலும் அதன்மேல்தான் பொறிக்கப்படும். குழல் தேய்ந்தால் மாற்றலாம், கட்டை விரிந்தால் மாற்றலாம். பூட்டு மாறினால் பொருளே மாறிப்போகும் என்பதை, 2019இல் தன் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல்லில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மரபு இருக்கிறதே தவிர, மதிப்பவர்கள் குறைவு. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரைஃபிளை உலகம் ரிக்பி என்கிறது. அதன் போல்ட்டும் ரிசீவரும் ஜெர்மனியின் மவுசர் தயாரிப்பு. தோட்டாவும் மவுசரின் 7×57 தான். லண்டனில் ரிக்பி நிறுவனம் அதையே .275 ரிக்பி என்று விற்றது. மில்லிமீட்டர் அங்குலமானபோது, கூடவே ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரும் கரைந்துபோயிற்று.

இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய கடைக்கு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்று பெயர். பின்னாளில் அந்தப் பிரியாணிக்குப் புகழோடு வந்து ஒட்டிய பெயர் அரிசியிலிருந்தும் வரவில்லை, ஆட்டிலிருந்தும் வரவில்லை. அவர் கட்டியிருந்த தலைப்பாகையிலிருந்து வந்தது. ரிக்பி தலைப்பாகை கட்டவில்லை. மற்றபடி முறை ஒன்றே.

சம்பளம் கொடுப்பவர் பெயரை வைப்பது இன்னொரு முறை. 1755இல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஓர் ஆயுதச் சாலையை அமைத்தார். சொல்லிக்கொடுத்தது பிரெஞ்சு மூளை, உழைத்தது தொழிலாளர் கை. நூல்களில் நிற்பதோ ஹைதரின் பீரங்கிப்படை. இந்த முறையில் தகராறு குறைவு. தகராறு செய்பவருக்குச் சம்பளம் வராது.

பெயர் வைப்பதில் ஓரளவு நேர்மை காட்டியவர்கள் ஆங்கிலேயர்கள்தான். லீ வடிவமைத்த போல்ட்டும் மெட்ஃபோர்டு வகுத்த குழல் வரிப்பள்ளமும் சேர்ந்ததை லீ-மெட்ஃபோர்டு என்றார்கள். 1895இல் வரிப்பள்ளத்தை என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையின் முறைக்கு மாற்றியதும் லீ-என்ஃபீல்டு என்றார்கள். ஆளுக்குப் பாதி, நடுவில் ஒரு சிறுகோடு. நம் காவலர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த .303 இந்த வம்சம்தான். ஆனால் கட்டை செய்தவருக்கு அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

அந்த என்ஃபீல்டு பெயரோ துப்பாக்கியோடு நிற்கவில்லை. தொழிற்சாலைக்கு உதிரிபாகம் கொடுத்த ரெடிச் ஊர் சைக்கிள் நிறுவனம் தன் வண்டிகளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று சூட்டிக்கொண்டு, துப்பாக்கி போலச் செய்தது என்று விளம்பரமும் செய்தது. 1955 முதல் சென்னையில் அதன் புல்லட்டைப் பூட்டினார்கள். இன்று இன்ஜின் ஒரு வண்டியிலிருந்தும் சேஸிஸ் இன்னொரு வண்டியிலிருந்தும் வந்து, மெக்கானிக்கின் பொறுமையால் ஓடும் புல்லட்டும் புல்லட்தான். வாகனப் பதிவு அலுவலகம் மட்டும் இரண்டு எண்களையும் கேட்டுக் குடும்ப ரகசியத்தைக் கிளறும்.

ரைஃபிள் விஷயத்தில் அந்தக் கிளறல் முன்கூட்டியே நடக்கும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்வதற்கும் உருமாற்றுவதற்கும் உரிமம் வேண்டும். பொறித்த எண்ணை அழிப்பது குற்றம். அழகான பெயர் இருக்கிறதா என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை.

உரிமம் இல்லாமல் சிறுமலை அடிவாரத்தில் பிடிபடுவதற்குப் பெயர்ச் சிக்கலே கிடையாது. உறுப்புகள் எங்கிருந்து வந்திருந்தாலும் மறுநாள் செய்தித்தாளில் அது நாட்டுத் துப்பாக்கி. தன் பெயர் விட்டுப்போயிற்று என்று அதைச் செய்தவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவதில்லை.