கடலுக்குப் பிளேன் காட்டப் போறீங்களா மகன்?

வாங்க மகன், இந்த வாடி நிழல்ல இரிங்க. கொழும்புல இருந்து வரைபடச் சுருளோட வந்திரிக்கீங்களாம், அறுகம்பே உல்லையைத் 'தாங்குதிறன் நகரமா' ஆக்கப் போறீங்களாம். எனக்கு அது வாயில வரல்ல, ஆனா நல்ல பேரு.

கிழவன் ஒரு யோசனை சொல்லட்டா? முதல்ல அந்த மணல்மேட்டைத் தட்டிருங்க. கட்டில்ல படுத்துக்கிட்டே கடல் தெரியணும் எண்டுதானே வெள்ளைக்காரன் காசு தாறான். இங்கயிருந்து தெற்கால, யால பக்கம் ஒரு விடுதி அப்படித்தான் செஞ்ச. 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையில கடலுக்கும் விடுதி நல்லாத் தெரிஞ்ச. மேடு நிண்ட இடத்துல அலை மட்டுப்பட்ட, தட்டின இடத்துல நேரே உள்ளுக்குப் போன எண்டு பொறகு வந்து அளந்த விஞ்ஞானிமார் எழுதினாங்க.

அடுத்தது களப்போரக் கண்ணாக்காடு, உங்கட புத்தகத்துல கண்டல்காடு. சேறும் நாத்தமும். வெட்டிட்டு வாகனம் நிப்பாட்டலாம். இறால் குஞ்சு எங்க போய் வளரும் எண்டு கேக்காதீங்க, அது இறாலுட பிரச்சினை.

மழைத்தண்ணிக்கு என்ன செய்யிற எண்டு கல்முனை, சாய்ந்தமருதுக்குப் போய்ப் படிங்க. அங்க தோணா எண்டு ஒண்டு இரிக்கி. ஊருக்குள்ள பெய்யிற மழை அதுக்குள்ள இறங்கித்தான் கடலுக்குப் போகணும். நாங்க அதுக்குள்ள குப்பையைப் போட்டம், ஓரத்தை நெரப்பி மதிலும் எழுப்பினம். இப்ப மாரித்தண்ணி வழி கேட்டு நம்மட குசினிக்கே வருது. வட்டை வயலையும் வளவாக்கிட்டம். சீனாவுல மழையை உறிஞ்ச எண்டு காசைக் கொட்டிப் 'பஞ்சு நகரம்' கட்டுறாங்களாம். நம்மட மூத்தாப்பாமார் அதுக்கு வயல் எண்டு பேரு வெச்சிரிந்தாங்க, நெல்லும் வெளைஞ்ச. கொழும்பும் 2018ல ராம்சார் ஒப்பந்தக்காரங்கட்ட 'ஈரநில நகரம்' எண்டு பட்டம் வாங்கின, மண் போட்டு நெரப்பினது போக மிஞ்சின சேத்துக்கு.

அந்தச் சுனாமிக் காலையில அம்பாறை மாவட்டத்துல மட்டும் பத்தாயிரத்துக்கு மேல மையத்து மகன். அதுல சிரிக்க ஒண்டுமில்ல. அறுகம்பே பாலம் உடைஞ்சி, உல்லை பொத்துவில விட்டுப் பிரிஞ்சி நிண்ட. ஒரு பாலத்தை நம்பின ஊரு தீவுதான் எண்டு அண்டைக்கு விளங்கின. அமெரிக்கக் காசுல புதுப்பாலம் வர 2008 ஆன.

பொறகு கிழக்குக் கரையில 200 மீட்டருக்குள்ள வீடு கட்டப்படா எண்டாங்க. மீன்காரனுட குடிசைக்கிட்ட நீண்ட அளவுநாடா விடுதிக்கிட்ட போனதும் சுருங்கின எண்டு கரையெல்லாம் முறைப்பாடு. கனடாவுல இருந்து நவோமி கிளைன் எண்ட எழுத்தாளப் புள்ள வந்து பாத்துட்டு 2007ல புத்தகத்துலயும் எழுதிட்டா. அக்கரைப்பற்று நுரைச்சோலையில வீடிழந்த சனத்துக்குச் சவூதிக் காசுல 500 வீடு கட்டின. ஆருக்குக் குடுக்கிற எண்டு வழக்குப் போய், வருசக்கணக்காக் காடேறிக் கிடந்த. எந்தச் சுனாமிக்கும் பயமில்லாம நிண்ட வீடு அதுதான், உள்ளுக்கு ஆளே இரிக்கல்லையே!

பிளேன்டீ ஆறுது, குடிச்சிட்டுச் சுருளை விரிங்க. மணல்மேடு, கண்ணா, தோணா, வட்டை வயல், இந்த நாலும் உங்கட படத்துல எங்க எண்டு விரல வெச்சிக் காட்டுங்க. காட்டினா பகலைக்குக் கரைவலை மீனும் சோறும் என்ட பொறுப்பு. இல்லாட்டி இந்தாங்க பென்சில், மாரிக்கு முதல் குறிச்சிட்டுப் போங்க.