கணக்குப்பிள்ளையின் சிறுநீரகம்

பி.காம். படித்தவனுக்கு உடம்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அது காலையில் எழுந்திருக்க மறுக்கும் என்பதுதான். அந்தத் தகுதியின் பேரில்தான் எங்கள் வீட்டுப் புத்தகத் தேர்வுக் குழுவுக்கு என்னை நானே தலைவராக நியமித்துக்கொண்டேன். மகளும் பி.காம்.தான். ஆனால் நான்-மேஜர் எலெக்டிவ் என்று வேறு துறைப் பாடம் ஒன்றை எடுத்தே ஆக வேண்டுமாம். தமிழ், வரலாறு என்று சாதுவான துறைகள் இருக்க, இவள் விலங்கியலில் மனித உடலியலைப் பிடித்துக்கொண்டாள். திருவேங்கடத்தில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு எழுதுகிறவன் வேறென்ன செய்வான்? மூன்று புத்தகங்களைச் சேர்த்து, சிவப்பு மை பேனாவோடு திண்ணையில் உட்கார்ந்தேன்.

முதலாவது தலையணை உயரம். செல்லில் தொடங்கி ரைபோசோம், மைட்டோகாண்ட்ரியா என்று போய்க்கொண்டே இருந்தது. பேர் என்னவோ மனித உயிரியல். அறுபது பக்கம் தாண்டியும் மனுசன் வந்துசேரவில்லை.

இரண்டாவது பரீட்சைக் கைடு. இரண்டு மார்க், ஐந்து மார்க் என்று உடம்பைக் கூறுபோட்டிருந்தார்கள். படங்கள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததில் எல்லாம் ஒரே கறுப்பு. அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, ஈரலுக்கு அடியில பித்தப்பையக் காணோமே? கறிக்கடையில அத ஒடையாம எடுக்கலைன்னா கறி பூராக் கசந்துபோகும். இதுகூடத் தெரியாமயா புஸ்தகம் போட்டாக?”

குழுத் தலைவரும் அதைக் கவனித்திருக்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. தடித்த புத்தகத்தில் தேடினேன். பித்தப்பை இருந்தது, அவள் சொன்ன அதே இடத்தில்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தடித்த புத்தகத்திலும் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டுகின்றனவாம். அவ்வளவுதான், அடுத்த வரி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. கணக்குப்பிள்ளை விடுவானா? கால்குலேட்டரை எடுத்து ஒரு நாளின் 1440 நிமிடத்தால் பெருக்கினேன். 180 லிட்டர்! எங்கள் வீட்டுக் குடத்துக்குப் பன்னிரண்டு குடம். அதில் வெளியே போவது சுமார் ஒன்றரை லிட்டர். மிச்சத்தையெல்லாம் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கோடையில் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் ஊருக்கு இதைவிடப் பெரிய செய்தி உண்டா? அறிவியல் படிக்காதவனுக்கு எழுதும் ஆசிரியர் அந்தப் பெருக்கலைச் செய்து, குடத்தையும் எதிரில் வைக்க வேண்டும். வடிகட்டும் நெஃப்ரானின் வளைவு நெளிவுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சூட்சுமம் ஒன்றும் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1852இல் கால்வின் கட்டர் என்பவரின் உடலியல் நூலைத் தமிழில் கொண்டுவந்தார். மூல நூலின் தலைப்பிலேயே கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று போட்டிருக்கும். குடும்பங்களுக்கு! அதாவது எனக்கு. வைத்திய மாணவர்களுக்கான கிரேயின் உடற்கூற்றியலை அவர் 1872இல்தான் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று வெளியிட்டார். முதலில் குடும்பஸ்தன், பிறகு டாக்டர். நம் பதிப்பாளர்கள் கிரேயைச் சுருக்கினால் குடும்பஸ்தன் கிடைத்துவிடுவான் என்று நினைக்கிறார்கள்.

மூன்றாவது, தமிழக அரசின் பதினோராம் வகுப்பு விலங்கியல். இணையத்தில் இலவசம், விலை விஷயத்தில் குழு ஏகமனதாக இருந்தது. முன்பகுதியில் மண்புழு, கரப்பான், தவளை எல்லாம் வரும். அவற்றைத் தாண்டிக் குதித்தால் செரித்தல், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம் என்று, சோறு வாயில் போவதிலிருந்து வரிசையாக மனுசன்தான். நூற்றுக்கு எழுபது போட்டு, தீர்ப்பை உரக்க வாசித்தேன்.

“யப்பா, பரீட்சை உங்களுக்கா எனக்கா?” என்று கேட்டுவிட்டு, மகள் கைடைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஆகவே பதினோராம் வகுப்பு இப்போது என்னுடையது. வேதிய ஒருங்கிணைப்பு என்ற பாடம் வரை வந்துவிட்டேன். கணையம் வந்த பக்கத்திலிருந்து என் காப்பியில் சர்க்கரை நின்றுபோயிற்று. நான் நிறுத்தவில்லை, அந்தப் பக்கத்தை என் மனைவியும் படித்துவிட்டாள்.