திருப்பூர்ச் சுவர்களின் ஓத லக்ஷணம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

சுவரில் ஓதம் ஏறுவதைப் பற்றி நம் பண்டிதர்கள் இதுகாறும் மௌனம் சாதித்து வந்ததற்கு, ஓதத்தில் பாடபேதம் காண்பது அரிது என்பதையன்றி வேறு காரணம் தோன்றவில்லை. அக்குறையைப் போக்கும் பொருட்டு, நொய்யலுக்கு அருகே ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்து, பொரிந்த சுவரில் சாய்ந்த சட்டையோடு வேலைக்குப் போகும் பாக்கியம் பெற்ற யான் இம்முயற்சியில் இறங்கலானேன்.

சுவரைத் தாக்கும் நீர் மூவகைத்து. மேலிருந்து வருவது மழை. அதற்கு சன்ஷேடு உண்டு. பக்கத்திலிருந்து வருவது அடுத்த வீட்டுக் குழாய். அதற்குப் பஞ்சாயத்து உண்டு. கீழிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறுவதே ஓதம். (கருங்கல் அவ்வளவாகக் குடிப்பதில்லை, இடையிலுள்ள சாந்து அதற்கும் சேர்த்துக் குடிக்கும்.) அஸ்திவாரத்தின் மேல் நீர் புகாத பட்டை ஒன்று போட்டிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிராதாகையால், அதை மிச்சம் பிடித்த மகானுபாவருக்கு ஆராய்ச்சி உலகம் கடமைப்பட்டுள்ளது.

இவ்வூர் நீருக்குத் தனி மகிமை உண்டு. பருத்தியில் சாயம் ஏறுவதற்காகப் பட்டறைகளில் கொட்டிய சோடியம் சல்பேட்டும் சாதாரண உப்பும் பல்லாண்டுகளாக ஆற்றிலும் நிலத்தடியிலும் கலந்தன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன செய்தி, மண்ணுக்குள் முன்னமே இறங்கிவிட்ட உப்புக்கு எட்டவில்லை. சல்பேட்டு காய்ந்திருக்கையில் சாது. ஈரம் கண்டாலோ பத்து மூலக்கூறு நீரைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு மடங்காகப் பருத்து, பூச்சை உள்ளிருந்தே நெட்டித் தள்ளும்.

இனி, நூலின் உயிர்நிலையாகிய அடைப்பியலுக்கு வருவோம். பொரிந்த பொந்துகளைப் பனியன் வேஸ்டால் அடைப்பது எங்கள் லைன் வீட்டு மரபு. எத்துணியால் அடைப்பது என்பதில் இரு பக்ஷங்கள். மெல்லியதாகையால் சிங்கிள் ஜெர்சி பொந்தின் கடைசிவரை போகும் என்பது முதற்பக்ஷம் (மேஸ்திரி வாக்கு, சாரம், மூன்றாம் படி). இருபுறமும் ஒரே முகங்கொண்ட இன்டர்லாக்கே உத்தமம் என்பது எதிர்ப்பக்ஷம் (மேற்படி மேஸ்திரி, மேற்படி சாரம், வெற்றிலை போட்ட பின்). ரிப் துணியை ஆதரிப்பார் ஒருவரே. அவர் ரிப் வியாபாரி. துணி வைத்த சுவர் “காயும்” என்பது டீக்கடைப் பாடம், “காயாது” என்பது அதே கடையின் வடக்குப் பெஞ்சுப் பாடம் (கிளாஸ் கழுவும் ஓசையில் ஈற்றெழுத்துக்கள் சிதைந்தன, கடைக்காரர் உரையோ, பழைய பாக்கியைப் பற்றியது). பருத்தியும் செங்கல்லைப் போலவே நீரை உறிஞ்சி ஏற்றுவது என்னும் அற்ப விஷயத்தை இரு சாராரும் பொருட்படுத்தவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தவன் நடுநிலை இழந்தவன் என்பது நம் ஆராய்ச்சி மரபன்றோ!

பரிகாரமும் சொல்லியாக வேண்டும். சிமெண்டுப் பூச்சை ஓதக் கோட்டுக்கு மேல் ஒரு முழம் வரை கொத்தி எடுத்து, செங்கல்லை மாதக்கணக்கில் ஆறவிட்டு, ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புக் காரை பூசினால் பெரும்பாலும் தணியும். வழக்கத்திலிருப்பதோ, தீபாவளிக்கு முன்தினம் பொரிந்த பூச்சின் மேலேயே பெயிண்டு அடிப்பது. முந்தினவர் உரையின் மேல் தம் பெயரைப் பூசி முனைவர் பட்டம் பெறுவோருக்கு இம்முறை புதிதன்று.

இன்டர்லாக் பக்ஷத்தார் விரிவான மறுப்பு ஒன்று எழுதி வருவதாகக் கேள்வி. அது வெளியாகும்வரை துணிகளைப் பிடுங்கலாகாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.