பட்டை ஏற்றிய தெருவில் ஸ்பிரிங் இறக்கம்

தொண்ணூறுகளில் அப்பாவிடம் இருந்தது பிரீமியர் பத்மினி. பின்பக்கம் கமான் பட்டை. கோவை பீளமேட்டிலிருந்து பழனிக்குக் கிளம்பினால் பெரியவர்கள் ஐந்து பேர், மடிக்கொரு குழந்தை, டிக்கி நிறையக் கட்டுச்சோறு. வண்டியின் பின்பக்கம் அமுங்கி, மேட்டுக்கு மேடு அடி தட்டும். தண்ணீர்ப்பந்தல் பக்கம் இருந்த பட்டறை மேஸ்திரி கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். காலியாகப் போகும்போது வண்டி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும்; அதுவே அப்பாவுக்குப் பெருமை. காயில் ஸ்பிரிங் வண்டி வைத்திருந்தவர்கள் சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டை செருகினார்கள். உயரமாக நிற்கிற வண்டிதான் நல்ல வண்டி என்று தெருவே நம்பியது.

இன்று அதே வாசலில் அக்கா மகனின் ஸ்விஃப்ட் நிற்கிறது. "மாமா, இத ஒரு மூணு சென்டிமீட்டர் எறக்கோணும்" என்கிறான். ஊரில் பாதிப் பேர் உயரமான எஸ்யூவிக்கு மாறிக்கொண்டிருக்கும்போது இவனுக்கு இந்த ஆசை.

எனக்கு அது பிடித்திருந்தது. ஏனென்றால் அப்பா பட்டை ஏற்றிய அந்தக் காலத்திலேயே இந்த ஊரில் ஒரு கூட்டம் வண்டியைத் தரையோடு ஒட்ட வைக்கப் பாடுபட்டது. கோவைக்காரர் கரிவரதன் 1988-ல் மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை ஒற்றை இருக்கைச் சட்டத்தில் பொருத்தி ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினை வைத்து ஒரு தலைமுறைக்கே பந்தயம் பழக்கிய வண்டி அது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். வண்டியை இறக்குவது இந்த ஊருக்கு வேற்று ஆசை அல்ல.

இறக்கினால் என்ன கிடைக்கும்? காரின் எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால், வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் சுமை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். அவ்வளவுதான். ஆனால் அது உண்மையான லாபம், கையில் உணரலாம்.

அவன் முதலில் விசாரித்த இடத்தில், "ஒரு சுத்து வெட்டி உட்டாப் போதுமுங்க தம்பி" என்றார்களாம். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும். அந்த விறைப்பை அடக்க பழைய ஷாக்கப்சரால் முடியாது. வெட்டிய முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குவது இன்னும் கொடுமை, எஃகின் பதமே போய்விடும். ஃபவுண்டரியும் பம்புசெட்டுமாக எஃகோடு வாழ்கிற ஊரில் இதை ஒருவர் வாய்கூசாமல் சொல்வது எனக்கு வலித்தது. அளவுக்கென்றே சுற்றிய குட்டை ஸ்பிரிங், அதற்குப் பொருந்தும் ஷாக்கப்சர், மாட்டியபின் அலைன்மென்ட், ஹெட்லைட் சரிபார்ப்பு: இவை நான்கும் சேர்ந்தால்தான் ஒரு வேலை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டாக வேண்டும் என்றும் பிடிவாதமாக இருக்கிறேன். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது.

அடுத்தது சாலை. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், ஜி.டி.நாயுடு பெயரில், 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. அதன்மேல் இறக்கிய வண்டியும் தாராளமாக ஓடலாம். கீழே எங்கள் தெருவில்தான் வேகத்தடை.

இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். ஸ்விஃப்ட்டின் இரு அச்சுக்கு இடையே 2.45 மீட்டர். அப்படிக் கட்டிய தடையில் ஏறினால் வண்டியின் வயிற்றுக்குக் கீழே சுமார் நாலரை சென்டிமீட்டர்தான் பறிபோகும். அதன் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் இறக்கினாலும், ஆள் ஏறி அமுங்கினாலும் தாண்டிவிடலாம். எங்கள் தெருத் தடையோ ஒரு முழ அகலத்தில் குவித்த கான்கிரீட் வரப்பு. அதன் உயரம் முழுவதும் அப்படியே அந்த இடைவெளியிலிருந்து பறிபோகும். வண்டியை இறக்காத அப்பாவுக்கே அடி தட்டியது இந்த மாதிரி மேட்டில்தான் என்பது கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. பட்டை ஏற்றியதெல்லாம் தெருவின் குறைக்கு வண்டி கட்டிய அபராதம். ஆட்டோவில் வரும் கர்ப்பிணியும், சுமையோடு வரும் டெம்போவும் இன்றும் அதையே கட்டுகிறார்கள்.

அவன் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தடையை அளந்தான். உயரமும் அகலமும் குறித்து, படம் எடுத்து, மாநகராட்சிக்கு மனு எழுதினான்: நெறிப்படி 3.7 மீட்டர் அகலத்தில் திருத்திக் கட்டுங்கள், வெள்ளைக் கோடு போடுங்கள், முன்னெச்சரிக்கைப் பலகை வையுங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். ஸ்பிரிங்குக்குச் சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. தடை திருந்தியபின் நாமே நிறைசுமையோடு ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.