கை நீட்டினால் போதும்

கேள்வி: சாதகம் எழுதிவைக்க வசதியில்லாத நம் நெல்லைச் சனம் நாயக்கர் காலத்தில் எதிர்காலத்தை எப்படித் தெரிந்துகொண்டது?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கையை நீட்டித்தான்! ஓலை வேண்டாம், பிறந்த நாழிகை வேண்டாம்; குறத்தி வாசலுக்கே வருவாள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், நாயகி வசந்தவல்லி வாய்திறந்து சொல்லாத காதலைக் குறத்தி கையைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள். சன்மானம் நகையாகக் குவிகிறது. குறத்தியைக் காணாமல் தேடித் தவிக்கும் கணவன் சிங்கனுக்குத்தான் குறி சொல்ல ஆளில்லை! இந்த நூலுக்காக மதுரை மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) கவிராயருக்கு நிலமே மானியமாகத் தந்தார்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர்கள், சீவலப்பேரிப் பக்கம் பிறந்த முக்கூடற்பள்ளு நூலின் உழவர்கள். அவர்கள் கேட்டது மழையை. மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னி, சேற்று நண்டு வளையை அடைத்தால் நாளை ஆற்றில் வெள்ளம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வாங்கும் தாமிரபரணிக் கரையில் இது அனுபவம் எழுதிய பஞ்சாங்கம். அப்படியும் முதல் ஏர் பூட்ட நல்லநாள் பார்த்தே தீருவார்கள். நண்டு சொன்னால் மட்டும் போதாது!