படிக்குள் நால்வர்: சுமோ அரங்கப் பெட்டியில் குடும்ப முழங்கால்கள் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

குடும்பத்தோடு ஜப்பான் போய்வந்தவர்கள் புஜி மலையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். புல்லட் ரயிலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நாராவின் மான்கள் பிஸ்கட்டுக்காகத் தலைவணங்குவதைப் பற்றி, போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். டோக்கியோ சுமோ அரங்கில் நால்வர் உட்காரும் பெட்டிக்குள் எட்டு முழங்கால்கள் எங்கே போகின்றன என்ற அடிப்படைக் கேள்வியை மட்டும் எவரும் தொடவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு. (இடைவெளி என்ற சொல் இக்கட்டுரையில் இனி வராது. இல்லாத பொருளைப் பற்றி எழுதுவது ஆய்வு நெறியன்று.)

ஆய்வின் எல்லை

சுமோவின் பெருந்தொடர்கள் ஆண்டுக்கு ஆறு. ஒவ்வொன்றும் 15 நாள். ஜனவரி, மே, செப்டம்பர் மாதத் தொடர்கள் டோக்கியோவில் நடக்கும். மார்ச் ஒசாக்காவுக்கு, ஜூலை நகோயாவுக்கு, நவம்பர் ஃபுகுவோக்காவுக்கு. இவற்றுள் நம் கோடை விடுமுறைக்குள் விழுவது மே மட்டுமே என்பதால், மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று ஆய்வு நாளாகக் கொள்ளப்பட்டது. களம், 1985இல் திறக்கப்பட்ட ரியோகோகு கொக்குகிகான் அரங்கு.

ஆய்வுக்கு உட்பட்டோர் நால்வர்: மாமியார் (வயது 71, மதுரை), கணவர் (49), மகன் (14), ஆய்வாளர் (வயது இவ்வாய்வுக்குத் தேவையற்றது).

முன்னோட்ட ஆய்வு

காலையில் அசாகுசாவின் சென்சோஜி கோயிலுக்குப் போனோம். அங்கே ஹோசோமோன் வாயிலின் பின்பக்கச் சுவரில் வைக்கோலில் பின்னிய இரண்டு ராட்சதச் செருப்புகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் நீளம். யமகத்தா மாநிலத்து முராயாமா ஊர்க்காரர்கள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பின்னிக் காணிக்கை செலுத்துகிறார்கள். இத்தனை பெரிய செருப்புக்குச் சொந்தக்காரர் உள்ளே காவல் இருக்கிறார் என்று எண்ணிப் பேய் பிசாசுகள் ஓடிவிடுமாம்.

மாமியார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "செருப்பே இம்புட்டுன்னா, ஆளு கால எங்கிட்டு நீட்டுவாரு?" என்றார். இக்கட்டுரையின் கோட்பாட்டு அடித்தளம் அந்த ஒற்றைக் கேள்விதான். சுமிதா ஆற்றின் அக்கரையில், சற்றுத் தெற்கே, மூன்று மணிநேரம் அந்தக் கேள்விக்கு விடை தேடப்போகிறோம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சொல்லாய்வு

அரங்கின் தரைத்தளப் பெட்டிக்கு 'மாசு செகி' என்று பெயர். செகி என்றால் இருக்கை. மாசு என்றதும் நமக்கு வேறு வாரியம் நினைவுக்கு வரும். அங்கே அது அரிசி அளக்கும் சதுர மரப்பெட்டி. நம்மூர்ப் படி, உழக்கு வகையறா. ஆக, குடும்பத்தைப் படியில் போட்டு அளக்கிறார்கள். படியில் இரண்டு அளவு உண்டு. தலைதட்டி அளந்தால் ஒன்று, குவித்து அளந்தால் இன்னொன்று. இருக்கை வகுத்தவர் நால்வரைத் தலைதட்டிய அளவாக எண்ணியிருக்கிறார். நாங்கள் குவித்த அளவு.

அளவீடு

பெட்டியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 1.3 மீட்டர். பரப்பு 1.69 சதுர மீட்டர். நால்வருக்குப் பங்கிட்டால் தலைக்கு 0.42. மேடை மீதுள்ள ஆடுகளம் 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டம் (காலையில் கண்ட செருப்பில் ஒன்று இதில் கச்சிதமாகப் படுக்கும்). பரப்பு 16.26 சதுர மீட்டர். மல்லர் இருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 8.13.

அதாவது, சில நொடி மட்டும் நின்று ஆடப்போகிற மல்லருக்கு, மூன்று மணிநேரம் உட்காரப்போகிற மாமியாரைப்போல் 19 மடங்கு இடம். மல்லரின் எடை 150 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும் என்று வாதிடலாம். ஆனால் அவர் பை கொண்டுவருவதில்லை. அந்தப் பைக்குள் குடை, சால்வை, முதல்நாள் வாங்கிய பீங்கான் கிண்ணங்கள் எதுவும் இல்லை.

கருதுகோள்

உண்மையான மல்யுத்தம் பெட்டிக்குள் நடக்கிறது. மேடையில் நடப்பது அதன் பொழிப்புரை.

தரவுகளும் பகுப்பாய்வும்

சுமோவில் வெற்றி தரும் முறைகள் என ஏற்கப்பட்டவை 82. அவற்றில் சில பெட்டிக்குள்ளும் பிழையின்றி நிகழ்ந்தன.

*யோரிகிரி:* எதிராளியின் இடுப்புக்கச்சையைப் பற்றி, மார்போடு மார்பாக நெருங்கி, அப்படியே வட்டத்துக்கு வெளியே நடத்திச் செல்லுதல். மாமியார் கச்சையைப் பற்றவில்லை. "கொஞ்சம் நகந்துக்கய்யா" என்ற இரண்டு சொல்லில் என் கணவரைப் பெட்டியின் தடுப்புக் கம்பி வரை நகர்த்திவிட்டார். தாய்மொழியில் நிகழ்ந்த யோரிகிரி.

*ஓஷிதாஷி:* பிடிக்காமல் வெறுமனே தள்ளி வெளியேற்றுதல். பீங்கான் கிண்ணப் பை இம்முறையில் நால்வராலும் நான்கு திசைக்கும் தள்ளப்பட்டு, இறுதியில் ஆய்வாளரின் மடியில் அமர்ந்தது.

*இசாமியாஷி:* இது 82க்குள் வராது. எதிராளி ஒன்றும் செய்யாமலே, ஆர்வக்கோளாறில் தானே காலை வெளியே வைத்துத் தோற்பது. மகனின் வலதுகால் தடுப்புக் கம்பிக்கு அடியில் புகுந்து பக்கத்துப் பெட்டிக்குள் போய்விட்டது. அங்கே ஒரு முதிய தம்பதி, நால்வர் பெட்டியில் இருவர் மட்டும் அமர்ந்திருந்தார்கள். பெரியவர் காலைப் பார்த்தார். தம் பீர்க் குவளையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, காலுக்கு லேசாகத் தலை வணங்கினார்.

"ஏய்யா, கால இங்கிட்டு மடக்கு."

"மடக்கித்தான் இருக்கு அப்பத்தா. இதுக்கு மேல மடிப்பு எங்கிட்ட இல்ல."

*மோனோயி:* தீர்ப்பில் ஐயம் எழுந்தால் கறுப்பு உடை அணிந்த நடுவர்கள் ஐவர் மேடையேறிக் கூடிப் பேசுவார்கள். 1969 முதல் ஒளிப்பதிவையும் துணைக்குக் கொள்கிறார்கள். முடிவு தெரியாவிட்டால் ஆட்டத்தை மறுபடி ஆட வைப்பார்கள். எங்கள் பெட்டியில் நடுவர் மாமியார் ஒருவரே. ஒளிப்பதிவு கேட்காமல், "ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கு" என்று தீர்ப்பளித்தார். மறுபடி ஆடினோம்.

கால ஆய்வு

முதல்நிலை மல்லர்கள் மோதுமுன் நான்கு நிமிடம் ஆயத்தம் உண்டு. உப்பை அள்ளி வீசுவார்கள், குந்துவார்கள், முறைப்பார்கள், எழுந்துபோய் மறுபடி உப்பு வீசுவார்கள். ஒருநாளில் வீசப்படும் உப்பு சுமார் 45 கிலோ. அந்த நான்கு நிமிடத்தில் நாங்கள் கால் மாற்றிக்கொண்டோம். ஒருவர் மாற்ற மற்றவர்கள் நெளிந்து வழிவிட வேண்டும். வழிவிடாமல் மாற்றப் பெட்டி இடம் தராது. மாற்றி முடித்து நிமிர்ந்தபோது மேடையில் ஒருவர் விழுந்து, எழுந்து, வணங்கி, இறங்கிக்கொண்டிருந்தார். முதல்நிலையின் 21 ஆட்டங்களில் ஆய்வாளர் முழுதாகக் கண்டவை ஒன்பது.

பார்ப்போருக்கு மறைக்கிறது என்பதற்காக 1952இல் மேடையின் நான்கு தூண்களையும் எடுத்துவிட்டார்கள். ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள கூரை இப்போது உத்தரத்திலிருந்து தொங்குகிறது. தூண் நின்ற மூலைகளில் பச்சை, சிவப்பு, வெள்ளை, கறுப்புக் குஞ்சங்கள். இவ்வளவு கரிசனம் உள்ள அரங்கில் எங்கள் பார்வையை மறைத்த ஒரே தூண் என் கணவர்.

உணவும் மெத்தையும்

அரங்கின் அடித்தளத்திலேயே சுடப்படும் யாகித்தோரி என்ற கோழிக் கம்பிக்கறி அங்கே பெயர்பெற்றது. ஆறினாலும் ருசிக்கும்படி செய்யப்பட்டது. மற்றவர்கள் சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை என்பதால் மாமியார் அவித்த பச்சை சோயாக் காயோடு நிறுத்திக்கொண்டார். தோலி போட இடமில்லாததால் அவை மறுபடி பெட்டிக்குள்ளேயே வந்து சேர்ந்தன.

உச்சப் பட்டம் பெற்ற யோகோசுனாவைக் கீழ்நிலை மல்லர் வீழ்த்தினால், கூட்டம் உட்கார்ந்திருக்கும் மெத்தைகளைப் பிடுங்கி மேடையை நோக்கி எறியும். எறியாதீர்கள் என்று அறிவிப்பார்கள், எறிவார்கள். ஃபுகுவோக்காவில் மெத்தைகளை ஒன்றோடொன்று பிணைத்தே வைத்துவிட்டார்கள். நாங்கள் போன அன்று எதுவும் பறக்கவில்லை. பறந்திருந்தாலும் எங்கள் பெட்டியின் பங்கு குறைவாகவே இருந்திருக்கும்: மகனின் மெத்தையும் சேர்ந்து மாமியாருக்கு அடியில் இருந்தது.

தலைமுறை ஒப்பீடு

கால் மாற்றங்களை மகன் எண்ணினான். அப்பா 34. அம்மா 27. தான் "கணக்கில்லாத தடவை". அப்பத்தா சுழியம். தரையில் இலைபோட்டுச் சாப்பிட்டு, தரையில் அம்மி அரைத்து, திருவிழாக் கூத்தை விடிய விடிய மண்ணில் அமர்ந்து பார்த்த முழங்கால் அது. நாற்காலி வாங்கிய தலைமுறை அதனோடு போட்டியிட முடியாது. மாலை ஆறு மணியளவில் வில் சுழற்றும் சடங்கோடு எல்லாம் முடிந்தபோது முதலில் எழுந்து நின்றவர் அவர்தான். கடைசியாக எழுந்தவன் மகன். மரத்துப்போன கால் மடங்கித் தகப்பன்மேல் சாய்ந்தான்.

எதிர்வாதமும் மறுப்பும்

மேல்தளத்தில் நாற்காலிகள் உண்டே என்று சிலர் கேட்கலாம். கேட்டேன். "இம்புட்டுத் தூரம் வந்துட்டு நாற்காலியிலயா?" என்றார் கணவர். இம்மறுப்பு பயணச்சீட்டு வாங்கும் கணத்தில் வலுவானது. நாற்பதாவது நிமிடத்தில் தானே தகர்ந்துவிடுகிறது.

முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. களத்திலிருந்து திரும்பியபின் மாமியாரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. "எடம் சரியாத்தானத்தா இருந்துச்சு" என்றார். இத்தரவு தனித்து வைக்கப்பட்டுள்ளது.

எனவே, ஜப்பான் போகும் குடும்பங்கள் அறிவது: நால்வர் பெட்டி என்பது மூவர் பெட்டி. பைகளை ரயில் நிலையப் பெட்டகத்தில் போட்டுவிட்டுப் போங்கள். மூவரைக் கீழே இருத்தி, நான்காவது ஆளை மேல்தளத்து நாற்காலிக்கு அனுப்புங்கள். அந்த ஆள் யார் என்று சண்டை வரும். எங்கள் குடும்பத்தில் வராது. அடுத்த முறைக்கு அந்த நாற்காலியை ஆய்வாளர் இப்போதே தமக்கென எழுதி வைத்துக்கொண்டார்.